வெடிக்காத விண்மீனைப் பார்க்க ஹான்லேவுக்கு

ஆகஸ்ட் 29, 2024, லே

ராத்திரி சென்னையில் ஏறி, டெல்லி விமான நிலைய நாற்காலியிலேயே கண்ணயர்ந்து, காலையில் லேவில் இறங்கியாயிற்று. 3,500 மீட்டர் உயரம். விமானத்திலிருந்து இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. விடுதியின் மாடிப்படி ஏறியதும் தெரிந்தது. இங்கே வந்தவுடன் யாரும் வீரம் காட்டக் கூடாது. படுக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மறுபடி படுக்க வேண்டும். மச்சான் கேட்கவில்லை. பெட்டியை வைத்த கையோடு கடைத்தெருவுக்குப் போய் உலர்ந்த ஆப்ரிகாட் வாங்கி வந்தார். இப்போது போர்வைக்குள்ளிருந்து முனகல் மட்டும் வருகிறது.

படுத்துக் கிடக்கிற நேரத்தில், எதற்கு இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். இந்த வருஷத் தொடக்கத்திலிருந்தே ஒரு விண்மீன் செய்திகளில் அடிபடுகிறது. வடக்கு மகுடம் என்ற சின்னக் கூட்டத்தில் இருக்கிற டி கொரோனே பொரியாலிஸ். இனி டி கொரோனே என்றே எழுதுகிறேன். 1866 மே மாதம் ஒருமுறை, 1946 பிப்ரவரியில் ஒருமுறை, திடீரென்று வெறும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பிரகாசமாகி, ஒரு வாரத்துக்குள் மறுபடி கண்ணுக்கு மறைந்துவிட்டது. இடைவெளி ஏறத்தாழ 80 வருஷம். ஆகவே இப்போது மூன்றாவது என்று கணக்கு. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான், தவறவிடாதீர்கள் என்று யூடியூபில் தினம் ஒருவர் கூவுகிறார்.

வீட்டில் எல்லோரும் நான் வெடிப்பைப் பார்க்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மச்சானும் அந்த நம்பிக்கையில்தான் லீவு போட்டார். என் ஆசை வேறு. டி கொரோனே தனி ஆள் இல்லை. அதற்கு ஒரு குலம் உண்டு. வயதாகி உப்பிப்போன சிவப்புப் பெருமீன் ஒன்று, அதைச் சுற்றி மிகச் சூடான சின்னத் துணை ஒன்று. பெரும்பாலும் அந்தத் துணை ஒரு வெள்ளைக் குள்ளன், அது என்னவென்று பின்னால் சொல்கிறேன். பெரியது உதிர்ப்பதைச் சின்னது வாங்கிக்கொள்ளும். சிம்பயாட்டிக் விண்மீன்கள் என்று வானியலில் சொல்வார்கள். அந்தக் குலத்தின் பெரிய தலைகள் எல்லாம் செப்டம்பர் இரவில், சாயங்காலத்திலிருந்து விடியலுக்குள், ஒரே வானத்தில் வரிசையாக வந்துபோகும். வெடிக்காத நேரத்தில் அவை எப்படி இருக்கின்றன என்று பார்க்கத்தான் வந்தேன். வெடித்தால் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

ஆகஸ்ட் 31, ஹான்லே

லேவிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். உப்ஷி வரை மணாலிச் சாலை. அங்கே இடது பக்கம் திரும்பினால் அப்புறம் சிந்து நதிதான் வழித்துணை. நம் ஊர்ப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த அதே சிந்து, பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில், கூடவே பல மணி நேரம் ஓடி வருகிறது. சுமத்தாங்கில் வெந்நீர் ஊற்று. ஆற்றங்கரைக் கல்லிடுக்கிலிருந்து ஆவி வருகிறது. மாஹே, நியோமா, லோமா என்று ஒவ்வொரு பாலத்திலும் சோதனைச் சாவடியிலும் அனுமதிச் சீட்டின் நகலைக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். எல்லைப் பகுதி என்பதால் இந்தியர்களுக்கும் அனுமதி தேவை. நாலைந்து நகல் கூடுதலாக எடுத்துப் போங்கள், வழியில் ஜெராக்ஸ் கடை கிடையாது.

ஓட்டுநர் அண்ணனை இங்கே ‘ஆச்சோ’ என்று கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எல்லோரும் ஹான்லே போவது அங்கிருந்து உம்லிங் லா கணவாய்க்கு ஏறத்தான். 5,798 மீட்டரில் வண்டி ஓடுகிற சாலை. நாங்கள் அங்கே போகவில்லை என்றதும் அவருக்கு ஆச்சரியம். “அப்புறம் என்னதான் பார்ப்பீர்கள்?” என்று இந்தியில் கேட்டார். மச்சான் மேலே கையைக் காட்டினார். லோமா தாண்டியதும் சமவெளி விரிகிறது. காட்டுக் கழுதைகள், கியாங் என்பார்கள், வண்டியோடு போட்டி போட்டு ஓடின.

ஹான்லேயில் தங்குவது கிராமத்து வீட்டில். இந்தப் பகுதியை 2022 டிசம்பரில் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். 1,073 சதுர கிலோமீட்டர். ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை, தெருவில் வெள்ளை விளக்கு கிடையாது, ராத்திரி வண்டிகள் ஹெட்லைட்டைத் தாழ்த்த வேண்டும். ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்து வான வழிகாட்டிகளாக ஆக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு இளம்பெண். 8 அங்குல டாப்ஸோனியன் தொலைநோக்கியை ஆட்டுப் பட்டியின் மதில் ஓரத்தில் வைத்திருக்கிறார், காற்றுக்கு மறைப்பு.

இன்றைக்கே தலைவலியோடு பார்த்துவிட்டேன். வழி சொல்கிறேன், ஊரில் நீங்களும் முயலலாம். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி. சுவாதியிலிருந்து கிழக்கே கொஞ்சம் போனால் அரை வட்டமாக ஏழு விண்மீன்கள்: அதுதான் வடக்கு மகுடம். வளைவில் பளிச்சென்று இருப்பது ஆல்ஃபெக்கா. வளைவின் கிழக்கு நுனிப் பக்கம் இருக்கிற எப்சிலானைப் பிடியுங்கள். அதிலிருந்து தெற்கே ஒரு டிகிரி, முழு நிலவின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, இறங்கினால் டி கொரோனே. பத்தாம் ஒளியளவுக்குப் பக்கம் (இந்தக் கணக்கில் எண் கூடக்கூட விண்மீன் மங்கல்). வெறும் கண்ணுக்கு எட்டவே எட்டாது. 10x50 பைனாகுலரில் ஹான்லே வானத்தில் இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடலாம். 8 அங்குலத்தில் சந்தேகமில்லை. ஒரு புள்ளி. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால், பக்கத்துப் புள்ளிகளைவிட லேசாக ஆரஞ்சுச் சாயல்.

மச்சான் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “இதுக்கா மாப்பிள்ளை 3,000 கிலோமீட்டர் வந்தோம்?”

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சாயல் முழுக்க சிவப்புப் பெருமீனுடையது. துணை அந்தப் புள்ளிக்குள்தான் இருக்கிறது, ஆனால் எந்தத் தொலைநோக்கியிலும் அதைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது. இரண்டும் ஒன்றையொன்று 227 நாளில் சுற்றி வருகின்றன; இடைவெளி சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்துக்குள்ளேயே. நாம் இருப்பதோ சுமார் 3,000 ஒளியாண்டு தள்ளி.

இப்படியே இந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கதை விண்மீன் பார்ப்பவர்கள் வட்டாரத்தில் பிரபலம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டெல்ஃபோஸ் என்ற ஊரில் லெஸ்லி பெல்டியர் என்ற விவசாயக் குடும்பத்துப் பையன். ஸ்ட்ராபெரி பறித்து வந்த காசில் முதல் தொலைநோக்கி வாங்கியவர், பின்னாளில் பல வால்மீன்களைக் கண்டுபிடித்தவர். டி கொரோனேயை 25 வருஷத்துக்கு மேல் விடாமல் கண்காணித்தார். 1946 பிப்ரவரி ராத்திரி ஒன்றில் அலாரம் வைத்து எழுந்தவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. திரும்பப் போய்ப் படுத்துவிட்டார். அன்றைக்குத்தான் அது வெடித்தது. அதற்கப்புறமும் அவர் பார்ப்பதை நிறுத்தவில்லை, ஆனால் அந்த விண்மீன்மேல் பழைய பிரியம் இல்லாமல் போயிற்று என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே வெடிப்பை வேல்ஸில் நியூபோர்ட் ஊரில் 15 வயதுப் பையன் மைக்கேல் உட்மன் தன் வீட்டு ஜன்னலிலிருந்து தற்செயலாகப் பார்த்துவிட்டான். 25 வருஷத் தவத்துக்கு இல்லை, ஜன்னலோரத்தில் நின்றவனுக்குக் கிடைத்தது. உட்மன் இப்போது தொண்ணூறு தாண்டியவர். இரண்டாம் முறையும் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருக்கிறார்.

செப்டம்பர் 1, ஹான்லே

பகலில் மடாலயம் போனோம். 17-ஆம் நூற்றாண்டு, குன்றின் உச்சியில். படி ஏறும்போது நான்கு முறை உட்கார்ந்தோம், வயதான பிக்கு ஒருவர் செருப்பில் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்.

சாயங்காலம் மேகம். மூடியது மூடியதுதான். சமையலறை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, வீட்டு அமா-லே (வீட்டுக்கார அம்மா) ஊற்றிக்கொண்டே இருந்த உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரைக் குடித்தோம். மச்சானுக்கு இரண்டாவது கோப்பையிலேயே போதும் என்றாகிவிட்டது, ஆனால் இங்கே கோப்பை காலியானால் ஊற்றிவிடுவார்கள் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

“அதெப்படி மாப்பிள்ளை, கணக்குப் போட்ட மாதிரி 80 வருஷத்துக்கு ஒரு தடவை?” என்று ஆரம்பித்தார்.

கணக்கு நிஜமாகவே இருக்கிறது. வெள்ளைக் குள்ளன் என்பது எரிந்து முடிந்த விண்மீனின் உள்கரு. பூமி அளவு உடம்பில் சூரியன் அளவு எடை. டி கொரோனேயில் இருப்பது சூரியனைப் போல் சுமார் 1.37 மடங்கு. பக்கத்தில் இருக்கிற சிவப்புப் பெருமீன் தன் எல்லை நிரம்பி வழிகிற அளவுக்கு உப்பியிருக்கிறது. வழிகிற ஹைட்ரஜன் ஒரு தட்டாகச் சுழன்று குள்ளனின் மேல் இறங்குகிறது. மெல்லிய அடுக்குதான், ஆனால் அங்கே ஈர்ப்பு பயங்கரம். அடுக்கு கனக்கக் கனக்க அடியில் அழுத்தமும் சூடும் ஏறுகின்றன. ஒரு கட்டத்தில் அணுக்கரு இணைவு பற்றிக்கொள்கிறது. சாதாரண வாயுவாக இருந்தால் சூடானதும் விரிந்து தணிந்துவிடும். இந்த நெருக்கத்தில் இருக்கிற பொருளுக்கு அந்தத் தப்பிக்கும் வழி அடைபட்டுக் கிடக்கிறது. சூடு ஏற ஏற எரிதல் வேகமாகிறது, எரிதல் வேகமாக வேகமாகச் சூடு இன்னும் ஏறுகிறது. கடைசியில் அடுக்கு முழுவதும் பிய்த்துக்கொண்டு வெளியேறுகிறது. இதைத்தான் நோவா என்பார்கள். குள்ளனுக்கு ஒன்றும் ஆவதில்லை. மறுநாளே மறுபடி சேர்க்கத் தொடங்கலாம்.

எல்லா வெள்ளைக் குள்ளனுக்கும் இப்படி ஒரு மனித ஆயுளுக்குள் முறை வந்துவிடாது. எடை குறைவானவை பல்லாயிரம் வருஷம் சேர்க்க வேண்டும். எடை கூடக்கூட, கொஞ்சம் பொருள் சேர்ந்தாலே போதும், வெடித்துவிடும். டி கொரோனே 80 வருஷம். அதன் பங்காளி ஆர்எஸ் ஓஃபியூக்கிக்கு அவ்வளவு பொறுமைகூட இல்லை: 1898, 1933, 1958, 1967, 1985, 2006, 2021. அதில் ஒழுங்கைத் தேடாதீர்கள், கிடையாது. டி கொரோனேயிலும் தேதி சொல்ல முடியாது. பிராட்லி ஷேஃபர் என்ற வானியலாளர் பழைய பதிவுகளைத் தோண்டி, 1946 வெடிப்புக்கு முன்னால் அந்த விண்மீன் சில வருஷம் வழக்கத்தைவிடப் பிரகாசமாக இருந்து, கடைசி ஒரு வருஷம் போல மங்கியது என்று காட்டினார். 2015 முதல் அது மறுபடி பிரகாசமானது, 2023-இல் மங்கியது. அதை வைத்துத்தான் 2024 என்று சொல்கிறார்கள். ஒரே ஒரு முன்னுதாரணத்தை வைத்து இரண்டாவதைச் சொல்வது ஜோசியத்துக்குப் பக்கத்துவீடு என்பது என் அபிப்பிராயம். ஷேஃபர் ± போட்டு, அதாவது கொஞ்சம் முன்பின் ஆகலாம் என்றுதான் சொன்னார், செய்திக்காரர்கள்தான் அந்த ±ஐத் தின்றுவிட்டார்கள்.

செப்டம்பர் 2, ஹான்லே

மேகம் போய்விட்டது. இன்றைய பதிவு நீளம், தூக்கமும் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் சரஸ்வதி மலை. 4,500 மீட்டரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி, ஹிமாலயன் சந்திரா டெலஸ்கோப். பகலில் பார்வையாளர்களை விடுகிறார்கள். வெள்ளைக் குவிமாடத்துக்குள் குளிர், எண்ணெய் வாசனை, மேலே மூடிய கதவு. வானியலாளர்கள் பெரும்பாலும் இங்கே இல்லை; பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொஸகோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இதைத் திருப்புகிறார்கள்.

சந்திரா என்பது சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் 19 வயதில் கேம்பிரிட்ஜ் போகிற கப்பலில் கணக்குப் போட்டு, வெள்ளைக் குள்ளனுக்கு ஒரு எடை உச்சவரம்பு உண்டு என்று கண்டவர். இன்றைய மதிப்பில் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. நேற்று சொன்ன 1.37ஐ நினைத்துப் பாருங்கள். டி கொரோனேயின் குள்ளன் அந்த வரம்பின் வாசலில் நிற்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் சேர்த்ததையெல்லாம் எறிந்துவிடுகிறதா, கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே பெரிய சண்டை. மிச்சம் பிடித்தால் ஒருநாள் வரம்பைத் தொட்டு, மொத்தமாகச் சூப்பர்நோவாவாகச் சிதறலாம். அந்தப் பெயருள்ள தொலைநோக்கி அந்த வகை விண்மீன்களையே பதிவு செய்கிறது என்பதில் எனக்கு ஒரு குட்டி சந்தோஷம். ஆர்எஸ் ஓஃபியூக்கியின் 2021 வெடிப்பின் நிறமாலை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு, இங்கிருந்தும் எடுக்கப்பட்டது.

நம் காவலூர் வானாய்வகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஜவ்வாது மலையிலிருந்து 1985 வெடிப்பை ஜி. சி. அனுபமாவும் டி. பி. பிரபுவும் நிறமாலையில் பின்தொடர்ந்தார்கள். 2006-இல் மவுண்ட் அபு தொலைநோக்கி அகச்சிவப்பில் ஹைட்ரஜன் கோடுகள் நாளாக நாளாக ஒல்லியாவதைப் பதிவு செய்தது. கோடு அகலமென்றால் வாயு வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். ஒல்லியாகிறது என்றால் எதிலோ முட்டி வேகம் இழக்கிறது. முட்டுவது சிவப்புப் பெருமீன் ஏற்கெனவே ஊதித் தள்ளி வைத்திருக்கிற காற்றில். சாதாரண நோவாவில் துணை சின்ன விண்மீன், சுற்றிலும் வெற்றிடம், எறிந்தது தடையில்லாமல் போகும். பெருமீன் இருக்கிற வீட்டில் அப்படிப் போக முடியாது.

குவிமாடத்துக்கு வெளியே நின்று கீழே பார்த்தால் சமவெளியில் பிரம்மாண்டமான கண்ணாடிக் கிண்ணம் தெரிகிறது. மேஸ் தொலைநோக்கி, 21 மீட்டர் விட்டம், 356 கண்ணாடிப் பலகைகள், பாபா அணு ஆராய்ச்சி மையத்துடையது. இது விண்மீனைப் பார்ப்பதில்லை. உயர் ஆற்றல் காமா கதிர் ஒன்று வளிமண்டலத்தில் மோதும்போது சில நானோ நொடிகளுக்கு ஒரு நீல மினுக்கல் வரும், அதைப் பிடிக்கும். 2021 ஆகஸ்டில் ஆர்எஸ் ஓஃபியூக்கி வெடித்தபோது, நமீபியாவிலும் லா பால்மா தீவிலும் உள்ள இதே ரகக் கருவிகள் அதிலிருந்து காமா கதிர்களைப் பிடித்தன. ஒரு நோவாவிலிருந்து அவ்வளவு ஆற்றலில் கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்த முட்டலில் எழும் அதிர்வலைதான் துகள்களை அப்படி உந்துகிறது. டி கொரோனே அதைவிட நமக்குப் பக்கம். அது வெடிக்கிற ராத்திரி இந்தக் கிண்ணம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

சரி, ராத்திரிக்கு வருவோம். எட்டு மணிக்கு முழு இருட்டு. டி கொரோனே அப்படியே இருக்கிறது, பத்தாம் அளவு. ஆர்எஸ் ஓஃபியூக்கி தெற்கே நல்ல உயரத்தில். அது இன்னும் மங்கல், இருக்கிற இடத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

கண்ணுக்கு விருந்து வைத்தது வேறொன்று. கையில் ஸ்டார் அனலைசர் என்ற சின்ன விளிம்புவிளைவுக் கண்ணாடி கொண்டுவந்திருந்தேன். கண்ணருகு வில்லையில் திருகினால் விண்மீன் ஒளி ஒரு நாடாவாக விரியும். முதலில் ராசல்கெத்தி. ஹெர்குலிஸ் கூட்டத்தில் உள்ள பிரகாசமான செம்மீன். நாடாவின் சிவப்புப் பக்கத்தில் வரிசையாக இருட்டுப் பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு ஓரத்தில் கூர்மையாக ஆரம்பித்து மறு ஓரத்தில் கரைந்து போகிறது. டைட்டானியம் ஆக்சைடு. சுமார் 3,000 டிகிரி அளவில் குளிர்ந்த விண்மீனில்தான் இப்படி மூலக்கூறு பிழைத்திருக்கும். வழிகாட்டிப் பெண் இதுவரை இதைப் பார்த்ததில்லை. கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு, உள்ளே ஓடிப்போய்த் தம்பியையும் அமா-லேயையும் அழைத்து வந்தார். பட்டியிலிருந்த ஆடுகள் நீங்கலாக எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

இந்தக் குலம் கண்டுபிடிக்கப்பட்டதே இந்தப் பட்டைகளை வைத்துத்தான். 1930-களில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பால் மெரில், மில்டன் ஹூமசன் இருவரும் சில விண்மீன்களில் இதே குளிர்ந்த பட்டைகளோடு எலக்ட்ரானை இழந்து அயனியான ஹீலியத்தின் பளிச்சென்ற கோட்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். 3,000 டிகிரி விண்மீனால் ஹீலியத்தை அப்படிச் செய்ய முடியாது. அதற்குப் பல பத்தாயிரம் டிகிரி வேண்டும். ஒரே புள்ளியில் இரண்டு எதிரெதிர்ச் சாட்சியம். தூரத்துக் கல்யாண மண்டபத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும், நாதஸ்வரமும் தவிலும் கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடலாமே, அந்த மாதிரி. நேராகப் பார்க்காமலே துணை உண்டு என்ற முடிவுக்கு வந்தார்கள், சரியாகவும் இருந்தது.

அடுத்து தலைக்கு நேர் மேலே, அன்னம் கூட்டத்தில் சிஎச் சிக்னி. நல்ல ஆரஞ்சு, டி கொரோனே தராத நிறத்தை இது தருகிறது, பைனாகுலருக்கே எட்டும். நீண்ட காலம் இது ஒழுங்கான சிவப்புப் பெருமீன் என்று மற்றவற்றை ஒப்பிட மாதிரியாக வைத்திருந்தார்கள். 1960-களில் திடீரென்று நீல ஒளியைக் கக்க ஆரம்பித்தது, ஆள் தனியாக இல்லை என்று தெரிந்தது.

பத்து மணிக்கு மேல் கும்ப ராசி தென்கிழக்கில் நன்றாக ஏறியது; சனிக் கோள் அங்கேயே இருப்பதால் இடம் பிடிக்கச் சுலபம். அதற்குக் கீழே, கிழக்கே தள்ளி ஆர் அக்வாரி. சுமார் 700 ஒளியாண்டு, இந்தக் குலத்தில் நமக்கு மிக அருகே இருப்பவற்றில் ஒன்று. இதன் பெருமீன் 387 நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. துணை 44 வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும்போது, சில வருஷங்கள் பெருமீனின் ஒளியே மங்கிப்போகிறது. பழைய வெடிப்புகளில் எறிந்த வாயு மணற்கடிகார வடிவத்தில் சுற்றிலும் பரவியிருப்பதை ஹபிள் படம் பிடித்திருக்கிறது. 8 அங்குலத்தில் அதெல்லாம் கிடையாது, புள்ளிதான். கொரியாவில் 1073, 1074-ஆம் ஆண்டுகளில் இந்தப் பக்க வானத்தில் விருந்தாளி விண்மீன் தோன்றியதாக அரண்மனைப் பதிவு இருக்கிறது. அது இதன் வெடிப்பாக இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு.

மச்சான் பதினொன்றுக்குப் படுக்கப் போனார். நான் மீரா என்ற விண்மீனுக்காக இருந்தேன். 1596-இல் டேவிட் ஃபாப்ரீஷியஸ் என்ற பாதிரியார் முதலில் குறித்துவைத்தது. வரும், போகும், மறுபடி வரும். 332 நாள் சுழற்சி. உச்சத்தில் வெறும் கண்ணுக்கு அழகாகத் தெரியும், இந்த மாதங்களில் மங்கும் பருவம், தொலைநோக்கியில்தான் தேட வேண்டும். இதன் துணையை 1923-இல் ராபர்ட் எய்ட்கன் நேராகவே கண்ணால் பார்த்துவிட்டார். இரண்டும் அவ்வளவு தள்ளி இருக்கின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 500 வருஷம். நெருக்கம் இல்லாததால் இங்கே வழிந்து ஓடுவது கிடையாது. பெருமீன் ஊதுகிற காற்றில் துணைக்குக் கொஞ்சம் மாட்டுகிறது. மீராவின் பின்னால் 13 ஒளியாண்டு நீள வால் இருப்பதை 2007-இல் புற ஊதாக் கதிர் விண்கலம் ஒன்று காட்டியது. இத்தனையும் தெரிந்துகொண்டு பார்க்கும்போது, அந்த மங்கலான செம்புள்ளி மங்கலாகத் தெரியவில்லை எனக்கு.

விடியலுக்கு முன்னால் கிழக்கில் ராசிமண்டல ஒளி (கோள்களுக்கு இடையே உள்ள தூசியில் படுகிற சூரிய வெளிச்சம்), சாய்ந்த கூம்பாக. விரல் விறைத்துவிட்டது. போதும்.

செப்டம்பர் 3, ஹான்லே

இன்று அமாவாசை. மச்சான் மடாலயத்துக்கு மேலே பால்வீதியைப் படம் எடுத்தார். படம் பிரமாதம், விதவிதமான தலைப்புகளோடு உங்கள் வாட்ஸாப்புக்கு எப்படியும் வந்துசேரும். ஒரு படத்தில் வடக்கு மகுடமும் விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தோம், டி கொரோனே இருக்க வேண்டிய இடத்தில் இரைச்சல் புள்ளிகள். அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறார். வெடித்த பிறகு ‘முன்னால்’ படம் வேண்டுமல்லவா என்கிறார். நல்ல யோசனை, நான் நினைக்கவில்லை.

செப்டம்பர் 4, லே

இறங்கி வந்தாயிற்று. 3,500 மீட்டரில் இப்போது ஓடக்கூட முடிகிறது.

வழியெல்லாம் மச்சான் கேட்டது, வெடித்தால் நம் ஊரிலிருந்து தெரியுமா என்றுதான். தாராளமாகத் தெரியும். உச்சத்தில் ஆல்ஃபெக்காவுக்குச் சமமாக, இரண்டாம் அளவை ஒட்டி இருக்கும். சென்னை நகர வெளிச்சத்திலும் மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம், ஹான்லே தேவையே இல்லை. சில மணி நேரத்துக்குள் ஏறிவிடும், சில நாளில் இறங்கிவிடும் என்பதால் செய்தி கேட்ட அன்றைக்கே பார்த்துவிடுங்கள். வார இறுதிக்குத் தள்ளிப்போடாதீர்கள். செப்டம்பர் முழுக்க இருட்டியதும் மேற்கு வானத்தில் வசதியான உயரம். அக்டோபரில் தாழ்ந்துவிடும், நம் ஊரில் எட்டு, ஒன்பது மணிக்குள் அஸ்தமனம். நவம்பரில் சூரியனுக்குப் பக்கம், சிரமம். டிசம்பர் கடைசியிலிருந்து விடியற்காலையில் கிழக்கே வரும். இப்போதே ஒருமுறை மகுடத்தை அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இருக்க வேண்டியவை எவை என்று தெரிந்தால்தான் புதிதாக வந்தது எது என்று தெரியும்.

1866-இல் அயர்லாந்தில் டூவம் ஊருக்குப் பக்கத்தில் ஜான் பர்மிங்ஹாம் நண்பர் வீட்டிலிருந்து நள்ளிரவில் நடந்து வந்தபோது அப்படித்தான் கண்டுபிடித்தார். மகுடத்தின் வடிவம் அவருக்கு அத்துப்படி, அதில் ஒன்று கூடுதலாக இருந்தது. வில்லியம் ஹக்கின்ஸுக்கு எழுதினார். ஹக்கின்ஸ் தன் நிறமாலைக் கருவியைத் திருப்பி ஹைட்ரஜனின் ஒளிக்கோடுகளைப் பார்த்தார். நோவா ஒன்றின் நிறமாலையை மனிதர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தொலைநோக்கி உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கம், ஏஏவிஎஸ்ஓ, யார் அனுப்பினாலும் ஒளியளவு மதிப்பீடுகளை வாங்கிக்கொள்கிறது. பக்கத்து விண்மீன்களின் அளவு குறித்த வரைபடமும் அவர்களிடமே கிடைக்கும். வெடிக்காத ராத்திரிகளின் பதிவுகளும் அவர்களுக்கு வேண்டும். ஷேஃபர் தோண்டியது அப்படிச் சேர்ந்த பழைய பதிவுகளைத்தான். நேற்றைய மதிப்பீட்டை விடுதி வைஃபையில் அனுப்பிவிட்டேன். நாளைக் காலை டெல்லி விமானம், மச்சான் இன்னொரு கிலோ ஆப்ரிகாட் வாங்கக் கிளம்பியிருக்கிறார்.